துக்க வீட்டில் நான் வாசித்த வசனம் அவர்கள் வேதாகமத்தில் இல்லை. எந்தப் புத்தகம் உள்ளே, எது வெளியே என்று முடிவு செய்தது யார்?

கடலோரக்கிளி

எல்லோருக்கும் வணக்கம். நான் கத்தோலிக்கப் பெண், தூத்துக்குடிப் பக்கம். கட்டிக்கொடுத்தது பாளையங்கோட்டையில், சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டன்ட்) குடும்பம். போன மாதம் மாமனார் தவறிவிட்டார். அடக்கத்துக்கு முந்தின இரவு வீட்டில் பாட்டும் ஜெபமுமாகப் போய்க்கொண்டிருந்தது. ஆளுக்கொரு பகுதி வாசித்தார்கள், என்னையும் வாசிக்கச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் யார் இறந்தாலும் வாசிப்பது சாலமோனின் ஞானம் 3-ஆம் அதிகாரம். "நீதிமான்களின் ஆன்மாக்கள் கடவுளின் கையில் உள்ளன" என்று தொடங்கும். அதை வாசித்தேன். வாசிக்கும்போதே குரல் உடைந்துவிட்டது, மாமா என்னைப் பெற்ற மகள் மாதிரி வைத்திருந்தவர்.

முடிந்ததும் மாமாவின் அண்ணன், நாங்கள் பெரிய மாமா என்று கூப்பிடுவோம், எண்பது தாண்டியவர், பக்கத்தில் கூப்பிட்டு "அருமையா இருந்ததும்மா, எந்தப் புத்தகம் இது? நம்ம வேதாகமத்தில பார்த்த ஞாபகமே இல்லையே" என்றார். குற்றமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கொழுந்தன் ஒருவர்தான், "அதெல்லாம் 325-ல நிசேயாவில கான்ஸ்டன்டைன் ராஜா ஓட்டெடுப்பு நடத்தி முடிவு பண்ணினது, பிடிக்காததை எல்லாம் தூக்கிப் போட்டுட்டாங்க" என்றார். அன்றிலிருந்து இதே யோசனையாக இருக்கிறது. யூடியூபில் தேடினால் எல்லாரும் அதையேதான் சொல்கிறார்கள். உண்மையா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழஞ்சுவடி

அக்கா, முதலில் ஆறுதல் சொல்லிக்கொள்கிறேன்.

நிசேயாவில் அப்படி ஒன்று நடக்கவே இல்லை. 325-இல் அங்கே சங்கமாகக் கூடிய ஆயர்கள், அதாவது பிஷப்புகள், பேசியது இயேசு தந்தைக்குச் சமமானவர் அல்ல என்ற ஆரியுஸின் போதனையைப் பற்றி, பாஸ்கா (ஈஸ்டர்) நாளை எப்படிக் கணக்கிடுவது என்பதைப் பற்றி, அப்புறம் ஆயர்கள், குருக்கள் ஒழுங்கு பற்றி 20 விதிகள். அந்த விதிகள் இன்றைக்கும் கையில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம், அவற்றில் வேதப் புத்தகப் பட்டியல் கிடையாது. கதை எங்கிருந்து வந்தது என்றால், 9-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதப்பட்ட ஒரு கிரேக்க நூலில் இருந்து. எல்லாப் புத்தகங்களையும் பீடத்தின் அருகே வைத்து ஜெபித்தார்களாம், உண்மையானவை மேலே நின்றனவாம், போலிகள் கீழே போய்விட்டனவாம். சங்கம் நடந்து ஐந்நூறு வருஷத்துக்கு மேல் கழித்து எழுதியது. பிற்பாடு வோல்டேர் அந்தக் கதையை எடுத்துக் கேலிக்குப் பயன்படுத்தினார், அது ஐரோப்பா முழுக்கப் பரவியது. "ஓட்டெடுப்பு" என்பது அதற்கும் பின்னால் ஒட்டிக்கொண்டது.

அப்படியானால் யார் முடிவு செய்தார்கள் என்று கேட்பீர்கள். நான் பல வருஷமாகப் படித்ததில் எனக்குப் பிடிபட்டதைச் சொல்கிறேன். "எது கடவுளின் வார்த்தை" என்று ஒரு கேள்வித்தாள் வைத்து யாரும் தொடங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூடும்போது எதை எழுந்து நின்று சத்தமாக வாசிப்பது என்பதுதான் கேள்வியாக இருந்தது. துக்க வீட்டில் உங்களிடம் கேட்கப்பட்டதும் கிட்டத்தட்ட அதே கேள்விதான் அக்கா.

புதிய ஏற்பாட்டில் மிகப் பழையது பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் கடிதம் என்பது பெரும்பாலான ஆய்வாளர்கள் கருத்து, ஏறக்குறைய கி.பி. 50. அதன் கடைசியில் பவுல், இதை எல்லாச் சகோதரருக்கும் வாசித்துக் காட்டவேண்டும் என்று ஆண்டவர் பெயரால் ஆணையிடுகிறார். கொலோசெயர் கடிதத்தில், இதை வாசித்த பிறகு லவோதிக்கேயாவுக்கு அனுப்புங்கள், அங்கே இருப்பதை வாங்கி நீங்கள் வாசியுங்கள் என்று இருக்கிறது. அந்த லவோதிக்கேயக் கடிதம் இன்று இல்லை. கொரிந்தியருக்கும் முன்னால் ஒன்று எழுதியதாகப் பவுலே சொல்கிறார், அதுவும் இல்லை. பவுல் கையால் எழுதியதாலேயே ஒரு கடிதம் தங்கிவிடவில்லை, பாருங்கள். யாரோ படியெடுத்து, பக்கத்து ஊருக்குக் கொடுத்து, திரும்பத் திரும்ப வாசித்ததால்தான் தங்கியது.

155 வாக்கில் ரோமில் ஜஸ்டின் என்பவர் ஞாயிறு கூட்டத்தை விவரிக்கிறார். நகரத்திலும் நாட்டுப்புறத்திலும் இருப்பவர்கள் ஒரே இடத்தில் கூடுவார்கள், நேரம் இடம் கொடுக்கும்வரை அப்போஸ்தலரின் நினைவுக்குறிப்புகளோ இறைவாக்கினரின் எழுத்துகளோ வாசிக்கப்படும் என்கிறார். இறைவாக்கினர் பக்கத்திலேயே நற்செய்தி வந்து உட்கார்ந்துவிட்டது பார்த்தீர்களா. சங்கமும் இல்லை, ராஜாவும் இல்லை. கான்ஸ்டன்டைன் பிறக்கவே இன்னும் நூறு வருஷத்துக்கு மேல் இருக்கிறது.

சாலைப்புதூர்

பழஞ்சுவடி, நன்றாகச் சொன்னீர்கள். ஆனால் இதில் அதிகாரம் என்ற சங்கதியை நைசாக நகர்த்திவிட்டீர்களோ என்று தோன்றுகிறது. நான் விசுவாசி இல்லை, ஆனாலும் இந்த வரலாற்றில் ஈடுபாடு உண்டு. 1945-இல் எகிப்தில் நாக் ஹம்மாடி பக்கத்தில் ஒரு ஜாடியில் 13 கட்டுச் சுவடிகள் கிடைத்தனவே. தோமா நற்செய்தி முழுசாக, இயேசு சொன்னதாக அதில் வரும் 114 வாக்குகளுடன் அங்கேதான் கிடைத்தது. அதையும் ஒரு கூட்டம் வாசித்துக்கொண்டுதானே இருந்தது? அது ஏன் மண்ணுக்குள் போனது? ஆயர்கள் கை ஓங்கியது, அவர்களுக்கு ஒத்துவராத புத்தகம் போய்விட்டது. ராஜா செய்யவில்லை சரி, ஆயர் செய்தார். வாசித்தவர்கள் எல்லாருக்கும் சம உரிமை இருந்த மாதிரி எழுதாதீர்கள்.

பழஞ்சுவடி

நியாயமான கேள்வி. அதிகாரம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த அதிகாரம் நடைமுறையில் எப்படி வேலை செய்தது என்று ஒரு சம்பவத்தைப் பார்ப்போம், எனக்கு இந்த வரலாறு முழுவதிலும் மிகப் பிடித்தது.

கி.பி. 200 வாக்கில் அந்தியோக்கியாவின் ஆயர் செராப்பியோன். அவர் பொறுப்பில் ரோசுஸ் என்று கடலோர ஊர் ஒன்று. அங்கே போனபோது சபைக்குள் சண்டை. பேதுரு நற்செய்தி என்று ஒரு புத்தகத்தை வாசிக்கலாமா கூடாதா என்பதுதான் தகராறு. செராப்பியோன் அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. இதுதான் உங்களுக்குள் மனஸ்தாபம் என்றால் வாசித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். ஊருக்குத் திரும்பிய பிறகுதான் காதில் வேறு சேதி விழுகிறது. அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டிருப்பவர்கள் இயேசு உண்மையில் உடலெடுத்து வரவில்லை, அப்படித் தோன்றினார் என்று நம்புகிறவர்கள் என்று. அவர்களிடமே ஒரு படி கடன் வாங்கி முழுக்கப் படிக்கிறார். பெரும்பகுதி சரியாகத்தான் இருக்கிறது, சில இடங்களில் கூட்டிச் சேர்த்திருக்கிறார்கள் என்று குறித்து, இந்த இந்த இடம் என்று ரோசுஸுக்கு எழுதி அனுப்புகிறார், சீக்கிரமே நேரிலும் வருகிறேன் என்கிறார். அந்தக் கடிதத்தின் ஒரு பகுதியை எவுசேபியு தன் திருச்சபை வரலாற்றில் காப்பாற்றி வைத்திருக்கிறார்.

இதில் கவனியுங்கள். 200-ஆம் ஆண்டில், பெரிய நகரத்து ஆயர் ஒருவருக்கு, "நான்குதான், ஐந்தாவது கூடாது" என்று உடனே சொல்லத் தோன்றவில்லை. அதே சமயம் லியோனில் இரேனேயு 180 வாக்கிலேயே நற்செய்தி நான்குதான் இருக்கமுடியும், உலகத்துக்கு நான்கு திசை, நான்கு காற்று இருப்பதுபோல என்று உறுதியாக எழுதிவிட்டார். இரண்டும் ஒரே காலம். ஓரிடத்தில் கெட்டியாகிவிட்டது, இன்னோரிடத்தில் இன்னும் இளக்கமாக இருந்தது.

மார்சியோன் பற்றியும் சொல்லவேண்டும். கருங்கடல் பக்கத்து சினோப்பே ஊர்க்காரர், கப்பல் வைத்துத் தொழில் செய்தவர். ரோம் சபைக்கு 2 லட்சம் செஸ்டர்ஸ் காணிக்கை கொடுத்தவர். பழைய ஏற்பாட்டுக் கடவுள் வேறு, இயேசுவின் தந்தை வேறு என்று போதித்ததால் 144-இல் விலக்கினார்கள், பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்று தெர்த்துல்லியன் எழுதுகிறார். அவர்தான் நமக்குத் தெரிந்தவரையில் முதன்முதலாகக் கிறிஸ்தவ எழுத்துகளுக்கு மட்டும் ஒரு மூடிய தொகுப்பு வைத்தவர். வெட்டிச் சுருக்கிய லூக்கா ஒன்று, பவுலின் 10 கடிதங்கள். அவ்வளவுதான். அவரைப் பார்த்துத்தான் மற்றவர்கள் பட்டியல் போடத் தொடங்கினார்கள் என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அது முழுக்கச் சரியாகப் படவில்லை. அவர் வெட்டுவதற்கு லூக்காவும் சேகரிப்பதற்குப் பவுல் கடிதங்களும் முன்னமே மதிப்போடு புழங்கியிருக்க வேண்டுமே.

தோமாவுக்கு வருகிறேன். அது அழிந்ததற்கு ஆயர்களின் எதிர்ப்பு ஒரு காரணம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "பிடிக்காததைத் தூக்கிப் போட்டார்கள்" என்ற விளக்கம் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. ஹெர்மாவின் மேய்ப்பர் என்று ஒரு நூல். ஆயர்களுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை, இரேனேயுவே மதிப்பாக எடுத்தாள்கிறார். எகிப்தின் மணலில் கிடைத்த முதல் மூன்று நூற்றாண்டுச் சுவடித் துண்டுகளில் மாற்கு நற்செய்தியைவிட அதுதான் அதிகம். சீனாய்ச் சுவடி என்ற 4-ஆம் நூற்றாண்டு வேதாகமப் பிரதியில் திருவெளிப்பாட்டுக்குப் பின்னால் பர்னபா கடிதமும் ஹெர்மாவும் ஒரே கட்டுக்குள் இருக்கின்றன. இவ்வளவு செல்வாக்கு இருந்தும் அது உள்ளே வரவில்லை. அதிகாரம் மட்டும்தான் காரணம் என்றால் ஹெர்மா இன்று நம் வீட்டு வேதாகமத்தில் இருக்கவேண்டும்.

கடலோரக்கிளி

செராப்பியோன் கதையை என் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். "படிக்காமலே அனுமதி கொடுத்தவர், பிறகு கடன் வாங்கிப் படித்தாரா" என்று அதையே இரண்டு தரம் கேட்டார். ஆனால் எனக்கு ஹெர்மா புரியவில்லை தம்பி. எல்லாருக்கும் பிடித்த புத்தகம் ஏன் வெளியே நின்றது?

ஊழியக்காரன்

சகோதரிக்கு ஸ்தோத்திரம். நான் சிறிய சபை ஒன்றில் போதகராக இருக்கிறேன். இந்த இழையை நேற்றிரவு முழுக்க வாசித்தேன்.

எங்கள் பக்கத்தில் நாங்கள் சொல்வது, சபை இந்தப் புத்தகங்களுக்கு அதிகாரம் கொடுக்கவில்லை, அவற்றில் ஏற்கெனவே இருந்த அதிகாரத்தைக் கண்டுகொண்டது என்று. நான் இதை முழு மனதோடு நம்புகிறேன். ஆனால் வேதாகமக் கல்லூரியில் இரண்டாம் வருஷம் இருந்தபோது எனக்கு ஒரு பெரிய கலக்கம் வந்தது. எபிரெயர் நிருபத்தை நான் பவுல் எழுதியது என்றே பிரசங்கித்து வந்தவன், ஊரில் என் தகப்பனாரும் அப்படியே. அது யார் எழுதியது என்று தெரியாது என்று ஆசிரியர் சொன்ன நாளில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டாம் பேதுருவையும் யூதாவையும் பழங்காலத்துச் சபைகள் பல தயங்கித் தயங்கித்தான் ஏற்றன என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

என்னைத் தேற்றியது ஓரிகேனின் ஒரு வாக்கியம். 3-ஆம் நூற்றாண்டில் எழுதுகிறார், எபிரெயரின் கருத்துகள் அப்போஸ்தலனுடையவை, நடையும் சொல்லமைப்பும் வேறொருவருடையவை, உண்மையில் யார் எழுதினார் என்பது தேவனுக்கே தெரியும் என்று. தெரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, அதே நிருபத்திலிருந்து அவரால் பயபக்தியோடு பிரசங்கிக்க முடிந்தது. அதற்குப் பிறகு எனக்குப் பயம் போய்விட்டது. கையெழுத்து யாருடையது என்று தெரிந்தால்தான் வசனம் என்னைத் தொடும் என்றில்லை. இப்போதெல்லாம் எபிரெயரில் இருந்து பிரசங்கிக்கும்போது "பவுல் சொல்கிறார்" என்று சொல்வதில்லை, "நிருபக்காரர் சொல்கிறார்" என்கிறேன். சபையில் ஒருவர்கூட அதனால் இடறவில்லை.

பழஞ்சுவடி

பாஸ்டர் ஐயா, மனதைத் திறந்து எழுதியதற்கு நன்றி. அதே காலத்தில் அலெக்சாந்திரியாவில் ஆயராக இருந்த தியோனீசியுவும் இப்படித்தான். திருவெளிப்பாட்டின் கிரேக்கமும் யோவான் நற்செய்தியின் கிரேக்கமும் ஒருவர் எழுதியவை இல்லை, சொற்களும் இலக்கணமும் ஒத்துவரவில்லை என்று நுணுக்கமாக எடுத்துக் காட்டுகிறார், ஆனால் அதற்காக அந்தப் புத்தகத்தைத் தள்ளமாட்டேன் என்றும் சொல்கிறார். இன்றைக்கு ஆய்வாளர்கள் செய்கிற வேலையை ஓர் ஆயர் 3-ஆம் நூற்றாண்டிலேயே செய்துவிட்டார்.

அக்கா, ஹெர்மாவுக்கு விடை ஒரு பழைய பட்டியலில் இருக்கிறது. முரத்தோரி என்ற இத்தாலிய அறிஞர் மிலான் நூலகத்தில் கண்டெடுத்து 1740-இல் அச்சிட்டது, 85 வரி, தலையும் வாலும் போன துண்டு, கொச்சையான லத்தீன். 2-ஆம் நூற்றாண்டின் கடைசி என்று பலர் சொல்கிறார்கள், 4-ஆம் நூற்றாண்டு என்று வாதிடுகிறவர்களும் உண்டு. அதில் ஹெர்மாவைப் பற்றிச் சொல்வது: அது அண்மையில், நம் காலத்தில், ரோம் நகரத்தில் எழுதப்பட்டது, ஆகவே அதைப் படிக்கவேண்டும், ஆனால் சபையில் மக்கள் முன் வாசிக்கக்கூடாது. படிக்கவேண்டும், வாசிக்கக்கூடாது! வீட்டில் படிப்பதற்கும் சபை நடுவே வாசிப்பதற்கும் இடையில் கோடு கிழிக்கிறார்கள். புத்தகம் நல்லதா கெட்டதா என்று அல்ல, அப்போஸ்தலர் காலத்தைச் சேர்ந்ததா என்று பார்த்திருக்கிறார்கள்.

கோட்டயம் சாலை

என் மனைவி வீடு கேரளத்து சுரியானிக் கிறிஸ்தவர்கள். அந்தப் பக்கத்துச் சங்கதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் எல்லாரும் ரோமையும் அலெக்சாந்திரியாவையும் மட்டுமே பேசுகிறீர்கள்.

சிரியாவில் நீண்ட நாள் நான்கு நற்செய்திகளைத் தனித்தனியாக வாசிக்கவில்லை. 170 வாக்கில் தத்தியான் என்பவர் நான்கையும் பின்னி ஒரே கதையாக்கினார், தியாத்தெஸ்ஸரோன் என்று பெயர். இருநூறு வருஷத்துக்கு மேல் அதுதான் அங்கே கோயிலில் வாசிக்கிற நற்செய்தி. 5-ஆம் நூற்றாண்டில் தியோதொரேத்து என்ற ஆயர் தன் மறைமாவட்டத்தில் 200-க்கு மேற்பட்ட படிகளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நான்கு நற்செய்திகளை வைத்ததாக அவரே எழுதியிருக்கிறார். ஒரு பகுதியில் மட்டும் 200 படி என்றால் மக்கள் எவ்வளவு பழகியிருப்பார்கள் என்று பாருங்கள்.

பின்னால் வந்த சுரியானி மொழிபெயர்ப்பு பெஷித்தா. அதன் புதிய ஏற்பாட்டில் 22 புத்தகங்கள்தான். இரண்டாம் பேதுரு, இரண்டாம் மூன்றாம் யோவான், யூதா, திருவெளிப்பாடு கிடையாது. தோமா கிறிஸ்தவர்கள் மலபாரில் வைத்திருந்தது இந்தச் சுரியானி வேதம். 1599-இல் உதயம்பேரூரில் போர்த்துகீசிய ஆர்ச்பிஷப் மெனேசிஸ் கூட்டிய சங்கத்தில், உங்கள் புத்தகங்களில் இதெல்லாம் குறைகிறது என்று பெயர் பெயராகச் சொல்லி, சேர்க்கவேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். வேறு பல சுரியானி நூல்களைத் தவறானவை என்று சொல்லித் தீயில் போடவும் செய்தார்கள். என் மாமியார் வீட்டில் இன்றும் அந்தப் பேச்சு வந்தால் குரல் மாறும். சாலைப்புதூர் சொல்கிற அதிகாரம் எங்கே என்று கேட்டால் எனக்கு உதயம்பேரூர்தான் நினைவுக்கு வரும்.

ஆனால் இன்னொன்று. கீழைச் சபையின் வழிபாட்டு வாசக முறையில் இன்றுவரை அந்த 22-இல் இருந்து மட்டும்தான் வாசகம் வருகிறது. எத்தியோப்பியாவில் 81 புத்தகங்கள் என்று எண்ணுகிறார்கள், ஏனோக்கு உட்பட.

சாலைப்புதூர்

உதயம்பேரூரைப் பற்றி எனக்குத் தெரியாது. நன்றி. இதைத்தான் நானும் சொல்லவந்தேன்.

பழஞ்சுவடி

இதில் எனக்கு மறுப்பில்லை, அங்கே நடந்தது அநியாயம்.

ஆனால் புத்தகத்தைத் தீயில் போட்டது சபை மட்டும் அல்ல. வடக்கு ஆப்பிரிக்காவில் சிர்த்தா என்ற ஊர், இன்றைய அல்ஜீரியாவில் இருக்கிறது. 303-ஆம் ஆண்டு பேரரசன் தியோக்ளேசியன் கோயில்களை இடிக்கவும் வேதப் புத்தகங்களை எரிக்கவும் ஆணையிட்டான். மே 19 அன்று அந்த ஊர் அதிகாரி முனாத்தியு பெலிக்ஸ் கிறிஸ்தவர்கள் கூடும் வீட்டுக்கு வருகிறான். கூடவே எழுத்தர் உட்கார்ந்து, பேசியதையெல்லாம் குறிப்பெடுக்கிறார், அந்தப் பதிவு பின்னாளைய ஒரு விசாரணையில் வாசிக்கப்பட்டதால் நமக்குக் கிடைத்திருக்கிறது. பொன் கிண்ணம் இரண்டு, வெள்ளிக் கிண்ணம் ஆறு, பெண்கள் உடுப்பு 82, பெண்கள் காலணி 47 ஜோடி என்று ஒவ்வொன்றாக எழுதுகிறார்கள். பெண்கள் உடுப்பும் காலணியும் ஏழைகளுக்குக் கொடுக்க வைத்திருந்ததாகத்தான் இருக்கவேண்டும்.

புத்தகம் எங்கே என்று கேட்கிறான். வாசகர்களிடம், அதாவது கூட்டத்தில் வேதம் வாசிக்கும் பொறுப்பில் இருப்பவர்களிடம், இருக்கிறது என்கிறார் ஆயர். நூலக அறைக்குப் போனால் அலமாரிகள் காலி. கத்துல்லினு என்ற துணைத்திருத்தொண்டர் ஒரு பெரிய புத்தகத்தை மட்டும் கொண்டுவருகிறார். ஏன் ஒன்றுதான் என்றால், நாங்கள் வாசகர்கள் இல்லை, அவர்களிடம்தான் இருக்கும் என்கிறார். அவர்கள் பெயரைச் சொல் என்றதற்கு அவரும் கூட இருந்தவரும் சொன்ன பதில்: நாங்கள் காட்டிக்கொடுக்கிறவர்கள் இல்லை, இதோ நிற்கிறோம், கொல்லச் சொல்லுங்கள். இருவரையும் பிடித்து வைக்கிறார்கள்.

அப்புறம் வீடு வீடாகப் போகிறார்கள். ஒரு வீட்டில் நான்கு. கல்பதித்துச் சித்திரவேலை செய்கிற ஒருவர் ஐந்து கொண்டுவருகிறார். இன்னொருவர் எட்டு. பள்ளி வாத்தியார் விக்தோர் இரண்டு புத்தகமும் கட்டாத ஏடு நான்கு மடிப்பும் கொடுக்கிறார், இன்னும் இருக்கிறது உன்னிடம் என்று மிரட்டுகிறான், இருந்தால் கொடுத்திருப்பேனே என்கிறார். கொதேயோ என்பவர் வீட்டில் அவர் இல்லை, மனைவி ஆறு புத்தகங்களைக் கொண்டுவந்து வைக்கிறார், வீடு முழுக்கத் தேடியும் வேறு இல்லை.

நான் இதை முதலில் படித்தபோது அந்த மனைவியின் பெயரைத் தேடித் தேடிப் பார்த்தேன். பதிவில் அவர் பெயரில்லை.

ராஜாவின் ஆட்கள் வாசலில் நிற்கும்போது எந்தப் புத்தகத்தை மறைப்பது, எதைக் கொடுத்துத் தப்பிப்பது? சில இடங்களில் மருத்துவ நூலையும் வேறு எழுத்துகளையும் கொடுத்து அனுப்பியவர்களும் உண்டு. வேதம் எது என்ற கேள்வி அங்கே உயிர்ப் பிரச்சினையாக ஆகிவிட்டது. புத்தகத்தை ஒப்படைத்தவர்களுக்கு "கையளித்தவர்கள்" என்றே பெயர் வந்து, அவர்களை மன்னிப்பதா கூடாதா என்று ஆப்பிரிக்கச் சபை நூறு வருஷத்துக்கு மேல் இரண்டாகக் கிடந்தது. தொனாத்துக்காரர் பிளவு என்பது இதுதான். இந்த மக்கள் எல்லாம் எந்தச் சங்கத்தின் பட்டியலையும் பார்த்தவர்கள் இல்லை, ஆனால் எந்தப் புத்தகத்துக்காகச் சாகலாம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பட்டியல்கள் இதற்குப் பின்னால்தான் இறுகுகின்றன. எவுசேபியு 325 வாக்கில், எல்லாரும் ஏற்பவை, சிலர் மறுப்பவை, போலியானவை என்று பிரித்து எழுதுகிறார். யாக்கோபு, யூதா, இரண்டாம் பேதுரு, இரண்டாம் மூன்றாம் யோவான் அவருக்கு இரண்டாவது வகை. 367-இல் அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியு தன் பாஸ்கா மடலில் சரியாக நாம் வைத்திருக்கும் 27-ஐயும் எழுதுகிறார், நமக்குக் கிடைத்தவற்றில் அதுதான் முதல் தடவை. பிறகு 393-இல் ஹிப்போவிலும் 397-இல் கார்த்தேஜிலும் கூடிய ஆப்பிரிக்க ஆயர்கள் அதே 27. இங்கேயும் கார்த்தேஜின் தீர்மானம், இவற்றைத் தவிர வேறெதையும் வேதம் என்ற பெயரில் "சபையில் வாசிக்கக்கூடாது" என்றுதான் போகிறது.

சாலைப்புதூர்

சிர்த்தாவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. என் கட்சியை முழுக்க விடவில்லை, ஆனால் ராஜா, ஆயர் என்று மேலே மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். கொதேயோவின் மனைவி என் கணக்கில் இல்லை.

ஒன்று கேட்கிறேன். கான்ஸ்டன்டைன் எவுசேபியுவிடம் 50 வேதப் பிரதிகள் செய்யச் சொல்லி அரசுச் செலவில் வாங்கினானே, அதற்கு விளைவு இல்லையா?

பழஞ்சுவடி

உண்டு. 331 வாக்கில். நல்ல தோலில், கைதேர்ந்த எழுத்தர்களைக் கொண்டு, கான்ஸ்டான்டினோப்பிளில் புதிதாகக் கட்டும் கோயில்களுக்காக எழுதச் சொல்லிக் கடிதம் போட்டான், கொண்டுவர இரண்டு அரசு வண்டி கொடுத்தான். கடிதத்தில் எந்தெந்தப் புத்தகம் என்று பெயர் சொல்லவில்லை, அதை எவுசேபியு பொறுப்பில் விட்டான். ஆனால் ஒன்றாகக் கட்டின புத்தகம் என்று வந்துவிட்டாலே எது அட்டைக்குள், எது வெளியே என்று முடிவெடுத்தாக வேண்டும் அல்லவா. தனித்தனிச் சுவடியாக இருந்தவரை அந்த நெருக்கடி இல்லை. அந்த அளவுக்கு உங்கள் கருத்தை ஏற்கிறேன்.

கடலோரக்கிளி

எவ்வளவோ தெரிந்துகொண்டேன், எல்லோருக்கும் நன்றி. ஆனால் பெரிய மாமா கேட்டது புதிய ஏற்பாட்டைப் பற்றி இல்லையே. ஞானம் ஏன் எங்களிடம் இருக்கிறது, அவர்களிடம் இல்லை? எங்கள் வேதாகமத்தின் 73 புத்தகத்துக்கும் அவர்களின் 66-க்கும் நடுவில் என்ன நடந்தது?

பழஞ்சுவடி

சுருக்கமாகச் சொல்கிறேன். ஆதிச் சபை வாசித்தது பெரும்பாலும் கிரேக்கப் பழைய ஏற்பாட்டை. ஞானம், தோபித்து, மக்கபேயர் எல்லாம் அதில் இருந்தன. ஜெரோம் லத்தீனுக்கு மொழிபெயர்க்கும்போது எபிரேயத்தில் உள்ளவையே வேதம், மற்றவை படிக்க நல்லவை என்றார். அகுஸ்தீன் ஒப்பவில்லை, சபைகள் வாசித்து வருவதை ஏன் விலக்கவேண்டும் என்றார். இந்த இருவரின் கருத்து வேறுபாடு அப்படியே ஆயிரம் வருஷம் கிடந்தது. லூத்தர் 1534 ஜெர்மன் வேதாகமத்தில் அவற்றை எடுத்துவிடவில்லை, தனியாக ஒரு பகுதியாக வைத்து, வேதத்துக்குச் சமமில்லை, ஆனால் வாசிக்கப் பயனுள்ளவை, நல்லவை என்று தலைப்பிட்டார். கத்தோலிக்கச் சபையின் திரெந்து சங்கம் 1546 ஏப்ரல் 8-இல் அவையும் வேதமே என்று அறிவித்தது.

பெரிய மாமாவிடம் சொல்ல மூன்று செய்திகள். ஒன்று, சி.எஸ்.ஐ.க்குள் வந்த ஆங்கிலிக்கன் வழியில், ஞானம் முதலான நூல்களை நல்வாழ்க்கைக்கு எடுத்துக்காட்டாகச் சபை வாசிக்கலாம், அவற்றைக் கொண்டு கோட்பாடு நிறுவக்கூடாது என்று 39 விதிகளில் 6-ஆவது விதியே சொல்கிறது. இரண்டு, தரங்கம்பாடியில் சீகன்பால்க் தொடங்கி ஷுல்ட்சே முடித்து, 1728 வாக்கில் அச்சிட்டு முடித்த தமிழ்ப் பழைய ஏற்பாட்டோடு இந்த நூல்களும் தமிழில் அச்சாயின. செய்தவர்கள் லூத்தரன்கள். தள்ளுபடி ஆகமங்கள் என்று பெயர் சொன்னாலும் அச்சிடாமல் விடவில்லை. 1826-இல் லண்டனில் இருந்த வேதாகமச் சங்கம் இந்த நூல்களை அச்சிடப் பணம் தருவதில்லை என்று முடிவெடுத்த பிறகுதான், அந்தச் சங்கத்தின் ஆதரவில் அச்சான வேதாகமங்களில் இவை காணாமல் போயின.

மூன்றாவது, நான் சொன்ன முரத்தோரி துண்டு நினைவிருக்கிறதா, ஹெர்மாவைச் சபையில் வாசிக்காதே என்றது. அதே பட்டியலில், யோவானின் கடிதங்களை அடுத்து, புதிய ஏற்பாட்டு நூல்களின் நடுவே, சாலமோனின் ஞானம் பெயர் இருக்கிறது.

ஊழியக்காரன்

சகோதரி, அந்த ஞானம் 3-ஆம் அதிகாரத்தை நான் இதுவரை வாசித்ததில்லை. இன்று காலை வாசித்தேன். ரோமர் 8-க்குப் பக்கத்தில் வைத்து வாசித்தேன். அடக்க ஆராதனையில் நான் அதை எடுக்கமாட்டேன், எங்கள் முறை அப்படி. ஆனால் நீங்கள் அன்றிரவு வாசித்தது பொருத்தமான வசனம்தான்.

கடலோரக்கிளி

ஐயா, நன்றி, இது எனக்குப் போதும்.

நேற்று பெரிய மாமா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தரங்கம்பாடி விஷயத்தில் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். சிர்த்தாவைச் சொன்னபோது பெரிய அத்தை அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்று கேட்டார்கள். பிறகு பெரிய மாமா என் திருவிவிலியத்தை வாங்கிப் பார்த்தார், எழுத்து பொடியாக இருக்கிறது, கண்ணாடி போட்டும் தெரியவில்லை என்றார். கடையில் பெரிய எழுத்தில் கிடைக்கிறதா என்று தேடவேண்டும், அதுவரைக்கும் ஒரு நீளக் கோடு போட்ட நோட்டு வாங்கி, வரிக்கு வரி இடம் விட்டு, கறுப்பு மையில் ஞானம் 3-ஆம் அதிகாரத்தை நானே எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒன்பதாம் வசனம் வரை வந்துவிட்டது. ஒரு இடத்தில் வரியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டேன், ஓரத்தில் சிறியதாகச் சேர்த்து எழுதியிருக்கிறேன்.